கூரையில் ஃபேன் இல்லாத கூட்டம்

வெல்ஃபேர் ஆபீசர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கெல்லாம் கொடுத்த அந்தத் தடிப் புத்தகத்தை நானும் புரட்டிப் பார்த்தேன். எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, முதலுதவிப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும், தீயணைப்பானை எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும், எல்லாம் இருக்கிறது. குடியை விட நினைக்கிற ஒரு ஆளுக்குப் பொருத்தமான கூட்டத்தை எப்படித் தேடுவது என்பது மட்டும் இல்லை. அதை நான் சொல்கிறேன். இந்த வேலையை எத்தனை விதமாகக் கெடுக்க முடியுமோ அத்தனை விதமாகவும் கெடுத்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஓய்வு பெறும் வரை வெல்ஃபேர் ஆபீசராக இருந்தேன். அங்கே ஒரு கட்டிங் மாஸ்டர். பெயர் வேண்டாம், மாஸ்டர் என்றே சொல்கிறேன். ஏன் வேண்டாம் என்பது போகப்போகத் தெரியும். வேலம்பாளையத்துக்காரர். மேசையில் நூறு அடுக்குத் துணியை விரித்து அவர் கத்தி மெஷினை ஓட்டினால், மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் ஒரு நூல் வித்தியாசம் வராது. குடித்திருந்தாலும் வராது. அதனால்தான் பல வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குடிக்காத காலை வேளையில்தான் அவருக்குக் கை நடுங்கும்.

கத்தி ஓட்டுகிறவர்கள் துணியை அமுக்கிப் பிடிக்கும் கையில் இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை போட்டுக்கொள்வார்கள். ஒரு திங்கட்கிழமை மாஸ்டர் அந்தக் கையுறையோடு என் அறைக்கு வந்தார்.

“ஏனுங் மேடம், இது பழசாயிருச்சுங்க. புதுசு ஒண்ணு குடுங்க.”

வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. திருப்பிப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் பக்கம் இரண்டு வளையங்கள் அறுந்திருந்தன. கத்தி உள்ளே போய் நகத்தில் ஒரு கீறலோடு நின்றிருக்கிறது. அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

அவர் மனைவி எங்கள் செக்கிங் பிரிவில்தான் இருந்தார். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

“அந்தக் கையப் புடிச்சுட்டுத்தானுங்க இருவத்தஞ்சு வருசமா நானு ரோடு தாண்டறேன். கத்தி அடுத்த தடவ நிக்காதுங்க மேடம். வெரல் போறதுக்குள்ள என்னமாச்சும் பண்ணுங்க.”

முதலாளியிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். “ஆறு மாசம் டைம் குடுக்கறேன். அதுவரைக்கும் மெஷினத் தொடக் கூடாது. அப்புறமும் கை நடுங்குச்சுன்னா நான் வேற மாஸ்டரப் பாத்துக்கறேன்” என்றார்.

மாஸ்டரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடியைத் திடீரென்று வீட்டிலேயே நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அதை நீங்களும் மறக்காதீர்கள். முதலில் டாக்டர், பிறகுதான் நீங்கள். இரண்டு வாரம் கழித்து மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது: “மருந்து பாதிதாங்க மேடம். குடிய விட்டவங்க வாரா வாரம் ஒண்ணா உக்காந்து பேசற கூட்டம் இருக்கு. அவருக்குப் பொருத்தமானதாப் பாத்து சேத்துவிடுங்க.”

இவ்வளவுதானே என்று நினைத்தேன். ஆள் சேர்ப்பதும் கூட்டம் போடுவதும்தானே என் பிழைப்பு.

நம் தொழிலில் எதற்கும் ஒரு கமிட்டி உண்டு என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கேன்டீன் கமிட்டி, பாதுகாப்பு கமிட்டி, புகார் கமிட்டி. கமிட்டி என்றால் ரிஜிஸ்டர், கையெழுத்து, நோட்டீஸ் போர்டில் உறுப்பினர்களின் போட்டோ. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட்டர் வந்தால் முதலில் போர்டைத்தான் பார்ப்பார். அந்தப் பழக்கத்தில், வெளியூரில் கூட்டம் தேடுவானேன், நாமே ஒன்று போட்டால் போகிறது என்று உட்கார்ந்து எழுதினேன். “மது மறப்போர் ஆதரவுக் கமிட்டி.” பெயர் எனக்கே பிடித்திருந்தது.

கமிட்டிக்கு எட்டுப் பேர் வேண்டும். மாஸ்டரோடு சேர்த்து, குடிப்பதை ஒப்புக்கொண்டவர்கள் மூன்று பேர்தான். மிச்சம் ஐந்து பேரை லைனுக்கு ஒருவராக நானே எடுத்துப் போட்டேன். எட்டுப் பேருக்கும் அடையாள அட்டையில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கி, கேட்டுக்குப் பக்கத்தில், தீயணைப்புக் குழுவுக்கு நேர் கீழே ஒட்டினேன். மாஸ்டர்தான் வயதில் மூத்தவர். அதனால் அவர் படத்துக்குக் கீழே “தலைவர்” என்று போட்டேன்.

சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் இன்னும் ஆறு மாதத்தில் இதே மாதிரி ஒன்று செய்வீர்கள்.

ஆடிட்டர் வந்தார். போர்டின் முன்னால் நின்று, வேறு எந்தக் கம்பெனியிலும் இப்படிப் பார்த்ததில்லை என்று புகழ்ந்தார். போட்டோ எடுத்துக்கொண்டார். முதலாளி எனக்குக் கை கொடுத்தார். அன்று மத்தியானம் வீட்டிலிருந்து முதல் நாளாக வேலைக்குத் திரும்பிய மாஸ்டர், கேட்டில் தன் படத்தைப் பார்த்தார். இரண்டு தடவை படித்தார் என்று செக்யூரிட்டி சொன்னார். வந்த வழியே திரும்பி, நேரே பிராந்திக் கடைக்குப் போனார். மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை.

அதே வாரம் இன்னொரு கூத்து. எண்ணிக்கைக்காக நான் சேர்த்த ஐந்து பேரில் ஒரு டெய்லர் தம்பி, நெசவாளர் வீட்டுப் பையன். வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போகிறவன். காபிகூடக் குடிக்க மாட்டான். அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார், மாப்பிள்ளை எப்படி என்று ரகசியமாக விசாரிக்க எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்திருக்கிறார்கள். விசாரிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போர்டிலேயே எல்லாம் இருந்தது.

பழமும் பூவும் வாங்கிக்கொண்டு நானே அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். பையன் தங்கம், குடிக்கவே மாட்டான், எண்ணிக்கை குறைந்ததால் நான்தான் சேர்த்தேன் என்று சத்தியம் செய்தேன். பெண்ணின் அப்பா என்னை நிதானமாகப் பார்த்தார்.

“ஆளு பத்தாம குடிக்காதவனப் புடிச்சுப் போடற அளவுக்கு நம்மூர்ல குடிகாரங்களுக்குப் பஞ்சமாயிருச்சுங்களா?”

கல்யாணம் எப்படியோ நடந்தது. அந்தப் பத்திரிகை எனக்கு வரவில்லை.

போர்டை நானே கிழித்தேன். மாஸ்டர் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. ஒரு மனிதரின் மிகப் பெரிய ரகசியத்தைப் பெரிதாக்கிப் பசை தடவி ஒட்டியிருக்கிறேன். அதற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

மாஸ்டர் சுவரிடமே பேசினார். “கூட்டத்துக்கு வரமாட்டன்னு சொல்லலீங்க. என்னிய யாருக்கும் தெரியாத எடமா இருக்கோணும். அவ்வளவுதானுங்க.”

இப்படித்தான் தேடல் தொடங்கியது. திருப்பூரில் இருபத்தைந்து வருஷம் கட்டிங் பார்த்தவரை யாருக்கும் தெரியாத இடம்! துணிக்காரர், நூல்காரர், சாயப்பட்டறைக்காரர், பட்டன்காரர், வண்டிக்காரர் எல்லோருக்கும் அவரைத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

முதலில் வீரபாண்டி. ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டடத்தின் மாடியில் கூட்டம். மாஸ்டர் படியேறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், இறங்கிவிட்டார். உள்ளே லேபிள் சப்ளை செய்கிறவர் உட்கார்ந்திருந்தாராம். “போன வாரந்தானுங்க அவர லேட்டுன்னு சத்தம் போட்டேன். அவரு முன்னாடி நான் போயி எப்படிங்க அழுகறது?”

அடுத்தது வேலம்பாளையம். அவர் ஊர்தான், ஆனாலும் கூட்டம் நடக்கும் தெரு அவர் வீட்டிலிருந்து தள்ளி இருந்ததால் ஒப்புக்கொண்டார். கதவைத் திறந்ததும் எதிரில் அவருடைய சம்பந்தி. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் பெரியவர். இரண்டு பேரும் கல்லாய் நின்றார்கள். நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“வாங்க சம்பந்தி. எங்க இந்தப் பக்கமுங்க?”

“வாடகைக்கு ஊடு பாக்கலாம்னு வந்தனுங்க. நீங்க?”

“நானுங்களா? இங்க ஃபேன் ஓடலைன்னாங்க. ரிப்பேர் பண்ணலாம்னு வந்தேன்.”

சொந்தமாக மூன்று வீடு வைத்திருந்தார் மாஸ்டர். சம்பந்தியோ நூல் கடை வைத்திருப்பவர். அவர் கையில் ஸ்க்ரூ டிரைவரை யாரும் பார்த்ததில்லை. இருவரும் வாசலிலேயே நின்று மழை வருமா வராதா என்று கால் மணி நேரம் பேசிவிட்டு, ஆளுக்கொரு திசையில் போனார்கள். கூட்டத்துக்கு இருவருமே போகவில்லை.

மூன்றாவது முயற்சி முழுக்க என் மூளை. மாஸ்டரைத் தெரியாதவர்கள் யார்? வடநாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள். பேக்கிங் பிரிவில் ஒரு பீகார் பையனிடம் விசாரித்தேன். ஞாயிறு பத்து மணிக்கு அவர்கள் காலனியில் மீட்டிங் உண்டு, எல்லோரும் கஷ்டத்தைப் பேசுவார்கள் என்றான். குடிக்கிறவர்களும் வருவார்களா என்று கேட்டேன். வருவார்கள் என்றான். போதாதா? மாஸ்டரை அனுப்பினேன். எல்லோரும் கை தூக்கினால் நீங்களும் தூக்குங்கள், பெயர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள் என்று பாடம் சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை முகம் தெளிந்து வந்தார். “அருமையான கூட்டமுங்க மேடம். ஒரு வார்த்த புரியல. மனசுக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு.”

இரண்டாவது வாரமும் போனார். கை தட்டினார்களாம், டீ கொடுத்தார்களாம். எனக்குத் தலை கால் புரியவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“இதக் குடுத்தாங்க. என்னன்னு பாருங்க.”

பாட்னா போகும் ரயிலுக்கு டிக்கெட். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களைக் கணக்கெடுத்து மொத்தமாக டிக்கெட் போடுகிற கூட்டம் அது. கை தூக்கியவர்களை எல்லாம் எழுதியிருக்கிறார்கள். மாஸ்டருடையது வெயிட்டிங் லிஸ்ட்.

மாஸ்டர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அங்கயாச்சும் யாருக்கும் என்னியத் தெரியாதுங்களே” என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்று சாயந்திரம் மறுபடி குடித்தார். ஆறு மாதத்தில் மூன்று மாதம் போயிருந்தது.

கடைசியில், கூட்டங்களைப் பற்றி விசாரிக்க ஒரு போன் நம்பரை டாக்டர் கொடுத்தார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. கமிட்டிக்காரிக்கு யாரையாவது கேட்கத் தோன்றுமா?

எதிர்முனையில் ஒரு நிதானமான குரல். “எந்த ஊருப் பக்கம் வேணுமுங்க?”

“ரொம்ப தூரமா வேணுமுங்க. பனியன் வாசமே இல்லாத ஊரா இருக்கணும்.”

குரல் லேசாகச் சிரித்தது. “எல்லாரும் அதயேதானுங்க கேக்கறாங்க. மடத்துக்குளம் போங்க.”

மடத்துக்குளம் உடுமலைப்பேட்டை தாண்டி இருக்கிறது. நெல்லும் கரும்பும் தென்னையும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினோம். மாஸ்டர் தனியாகப் போக மாட்டேன் என்றதால் நானும் போனேன். அவர் தலையில் துண்டைப் போட்டு முன் சீட்டில், நான் நடுவில். பஸ்ஸில் பெரிய கூட்டமில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த வெயிலில் ஒருவர் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். ஒருவர் பல்லடத்திலிருந்து உடுமலை வரை செய்தித்தாளின் ஒரே பக்கத்தை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். ஒருவர் கர்ச்சீப்பை முகத்தில் போட்டுத் தூங்கினார். மடத்துக்குளம் வந்ததும், கண்டக்டர் குரல் கொடுக்கும் முன்பே அந்தத் தூங்கியவர் எழுந்துவிட்டார்.

எங்களோடு சேர்த்து எட்டுப் பேர் இறங்கினோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இருபதடி இடைவெளி விட்டு எல்லோரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். ஒருவர் டீக்கடையில் நின்று டீ சொல்லாமலே நகர்ந்தார். ஒருவர் செருப்பு வாரைச் சரி செய்தார்; போட்டிருந்தது ஷூ. ஒருவர் என்னிடமே வந்து, “ஏனுங்க, ஒறம்பரை ஊட்டுக்குப் போகோணும், அங்கன்வாடி எந்தப் பக்கமுங்க?” என்று உறவினர் வீட்டுக்கு வந்தவர் போலக் கேட்டார். எனக்கும் அங்கன்வாடிதான் போக வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை.

ஞாயிறு என்பதால் அங்கன்வாடி காலி. சுவரில் மாம்பழம், யானை, ஒன்று இரண்டு மூன்று. குழந்தைகள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழுபது வயதிருக்கும் ஒரு தென்னந்தோப்புக்காரர் எழுந்து வந்து என்னைக் கும்பிட்டார்.

“வாங்க அம்மிணி. உக்காருங்க. மொத நாளு எல்லாத்துக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். தொட்டு எத்தன நாளாச்சுங்க?”

“அய்யோ, நான் குடிக்கறதில்லீங்க.”

சுற்றி இருந்த தலைகள் எல்லாம் மெதுவாக ஆடின. குரங்குக் குல்லாய்க்காரர் பரிவோடு சொன்னார், “நானும் ரெண்டு வருசம் அப்படித்தானுங்க சொல்லிட்டிருந்தேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் என் கையைத் தொட்டார். அவர் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, முகத்திலிருந்து செய்தித்தாளை அப்போதுதான் இறக்கியவர், அவருடைய சம்பந்தி.

ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். கதவும் பக்கத்தில்தான் இருந்தது. மாஸ்டர் ஓடவில்லை. நின்ற இடத்தில் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஓட்டுக்கூரை. குறுக்கே ஒரு மரச் சட்டம். ஃபேனே கிடையாது.

“சம்பந்தி, இங்கயும் ஃபேன் ரிப்பேருங்களா?”

சம்பந்தியும் மேலே பார்த்தார். பிறகு அந்தச் சின்ன நாற்காலி கிறீச்சிடச் சிரிக்க ஆரம்பித்தார். மாஸ்டரும் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, அது எதற்கு வந்தது என்று நான் விசாரிக்கப் போவதில்லை.

பார்த்தால், வந்தவர்கள் எல்லோரும் திருப்பூர். குரங்குக் குல்லாய், சாயப்பட்டறைக்காரர். கர்ச்சீப், வீரபாண்டி மாடியில் இருந்த அதே லேபிள்காரர். உள்ளூர்க்காரர் தோப்புக்காரர் ஒருவர்தான்.

“அப்ப மடத்துக்குளத்துல குடிக்கறவங்களே இல்லீங்களா?” என்று கேட்டேன்.

“ஏனுங்க இல்லாம? அவங்கெல்லாம் திருப்பூர் கூட்டத்துக்குப் போறாங்க. உங்க பஸ்ஸும் அவங்க பஸ்ஸும் பெதப்பம்பட்டிகிட்டத்தான் ஒண்ணுக்கொண்ணு தாண்டும்.”

எனக்குள் இருந்த ஆபீசர் உடனே எழுந்து நின்றாள். எல்லோரும் ஓர் ஊர், இவ்வளவு தூரம் எதற்கு, நம் கம்பெனி கேன்டீனையே ஞாயிற்றுக்கிழமை திறந்து விடுகிறேன், ஒரு ரிஜிஸ்டர் மட்டும் போட்டால்...

“அம்மிணி,” என்றார் தோப்புக்காரர், “உக்காருங்க.”

உட்கார்ந்தேன்.

“இவங்க ஞாயித்துக்கெழம காலைல கெளம்புனா ஊடு போய்ச் சேர சாயந்தரம் ஆயிரும். கட தொறந்திருக்கற பகல் நேரம் பூரா பஸ்லயே போயிரும். அதக் கெடுத்துப் போடாதீங்க. உங்களுக்கு எதயாச்சும் நடத்தாம இருக்க முடியாதுங்களா?”

“முடியாதுங்க போல.”

“அப்ப நீங்களும் வாரா வாரம் வாங்க.”

எட்டு வாரம் போனேன். கை பரபரக்க, ஒரு வார்த்தை பேசாமல், யானைப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையில் எனக்கு யாராவது வழிகாட்டினார்கள் என்றால் அது அந்தப் பெரியவர்தான். பெயர் கேட்டதற்கு, “இங்க பேரெல்லாம் எதுக்குங்க” என்றார். இன்றுவரை தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் கடைசி சீட்டில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கூட்டத்தில் பேசியதைவிட அங்கேதான் அதிகம் பேசினார்கள். திருப்பூரில் இறங்கியதும் மறுபடி யாருக்கும் யாரையும் தெரியாது. அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. யாருக்காவது குடிக்கத் தோன்றி உடம்பு இழுத்தால், இன்னொருவருக்குப் போன் போட்டு “ஃபேன் ஓடலீங்க” என்று சொல்ல வேண்டும். மற்றவர் எந்த வேலையில் இருந்தாலும் போய் நிற்க வேண்டும். என் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய கௌரவம் எனக்கு இந்தத் தொழிலில் கிடைக்கவில்லை.

ஆறாவது மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது ஆடிட்டர் மறுபடி வந்தார். போன முறை பாராட்டிய கமிட்டி எங்கே என்றார். போர்டில் இல்லை. ரிஜிஸ்டர் இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நிலைமையைச் சமாளிக்க அவருக்கு ஒரு யோசனை. “கமிட்டித் தலைவரே குணமாயிட்டாருங்க சார். இப்ப உங்க முன்னாடியே மெஷின் ஓட்டிக் காட்டுவாரு. வேணும்னா போட்டோ எடுத்துக்குங்க” என்று கட்டிங்குக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

பதினைந்து நிமிஷம் இருக்கும். ஆடிட்டர் என்னிடம் கூட்டம் எங்கே நடக்கிறது, யார் யார் வருகிறார்கள், பெயர்ப் பட்டியல் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மேசையில் என் போன் அடித்தது.

“மேடம்,” என்றார் மாஸ்டர். “ஃபேன் ஓடலீங்க.”

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. கேட்டைத் தாண்டிவிட்டார்.

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எதிரே ஆடிட்டர். பக்கத்தில் முதலாளி. மேசையில் பதினேழு ரிஜிஸ்டர். இந்த ஆடிட் போனால் ஆர்டரே போகும், பலர் வேலை போகும் என்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் ஆடிட்டர் ஒரு மணி நேரம் காத்திருப்பார். அந்த போன் காத்திருக்காது. எழுந்துவிட்டேன்.

“மன்னிச்சுக்குங்க. கட்டிங்ல ஃபேன் ஓடலையாம்.”

“எலெக்ட்ரீசியன் என்ன பண்றான்?” என்றார் முதலாளி.

“அவருக்கு இது தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருந்த கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். அதன் முன்னால் மாஸ்டர் நின்றிருந்தார், இடது கையில் அந்த இரும்புக் கையுறையோடு. கழற்ற மறந்திருக்கிறார். நான் போய் நின்ற சமயம் ஒரு மொபெட் வந்து நின்றது. சம்பந்தி. அவருக்கும் போன் போயிருக்கிறது. கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டெஸ்டரும் முன் கூடையில் வைத்திருந்தார்.

மூன்று பேரும் பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்தோம். டீ வந்தது. பன்னிரண்டு மணிக்கு எதிரில் ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. மாஸ்டரின் முழங்கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. யானைப் படத்துக்குக் கீழே எட்டு வாரம் பழகியது அதற்குத்தான் போலிருக்கிறது. சம்பந்தி, பேரன் புதிதாகக் கற்றுக்கொண்ட கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். இரண்டாவது டீ சொன்னோம். மூன்றாவதும். முழங்கால் நிற்கும்போது மணி ஒன்று.

“இன்னைக்கு அந்த மெஷின நான் தொடமாட்டனுங்க மேடம்,” என்றார் மாஸ்டர். “அத்தன பேரு கண்ணு கை மேலயே இருந்தா ஓட்ட முடியாது. நாளைக்குத் தொடறேன். யாரும் பாக்காம.”

திரும்பிப் போய் முதலாளியிடம் அதையே சொன்னேன். எங்கே போகிறார், யாரோடு போகிறார் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றேன். கத்தினார். பிறகு, “நாளைக்கு ஒரு நாளு” என்றார். ஆடிட்டரோ நான் போன ஒன்றரை மணி நேரமும் சும்மா இருக்கவில்லை. ஆபீசரே ஓடுகிற அளவுக்கு மோசமா என்று கட்டிங் பிரிவுக்குப் போய் ஒவ்வொரு ஃபேனாகப் பார்த்திருக்கிறார். காற்றோட்டம் போதாது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார். எழுதினால் செய்தே ஆக வேண்டும். அன்று சாயந்திரமே கட்டிங்கில் ஆறு புது ஃபேன் மாட்டினார்கள். ஹெல்ப்பர் பெண்கள் வந்து எனக்கு நன்றி சொன்னார்கள். கமிட்டி பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் துணி விரித்தாயிற்று என்று தெரியும். எழுந்து கட்டிங் பக்கம் போக என் கால் துடித்தது. ஒரு ஓரமாக நின்று பார்த்தால் என்ன, எட்டித்தான் பார்த்தால் என்ன என்று நூறு காரணம் தோன்றியது. போகவில்லை. நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான். செக்கிங்கில் அவர் மனைவியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அன்று அவர் கையிலிருந்து ஒரு பீஸ்கூட நகரவில்லையாம்.

மத்தியானச் சங்கு ஊதியது. என் அறைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாஸ்டர் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது உள்ளங்கையைக் கண்ணாடியில் விரித்து வைத்தார்.

எழுந்து கிட்டே போய் எண்ணினேன். ஐந்து விரல். எனக்கு நம்பிக்கை வரவில்லை, மறுபடியும் எண்ணினேன்.